மருந்துக்கு மசியாத காசநோய்

(தோட்டக் கலாசார மண்டபத்தில் கொழுந்து நிறுத்த பின் நடைபெற்ற சுகாதாரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட பேச்சின் எழுத்து வடிவம்.)



கொழுந்து நிறுத்து, பிள்ளைமடுவத்தில் இருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அடுப்புப் பற்றவைக்கிற நேரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறீங்க. அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

இன்றைக்கு நான் பேச வந்தது காசநோயைப் பற்றி. காசநோய் நமக்குப் புதிதல்ல. நம்ம பாட்டன் பூட்டன் காலத்தில் சயரோகம் என்றார்கள். இப்போது டி.பி. என்கிறோம். ஆனால் நான் சொல்லப்போவது சாதாரண டி.பி. அல்ல. மருந்து கொடுத்தும் சாகாத கிருமியால் வருகிற டி.பி. அந்தக் கிருமி எப்படி உண்டாகிறது, எச்.ஐ.வி. அதிகமாக உள்ள ஓர் ஊரில் அது என்ன செய்தது, அதிலிருந்து நாம் படிக்கவேண்டியது என்ன என்பதுதான் என் பேச்சு.

அதற்காக உங்களைத் தென்னாபிரிக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. "அது எங்கேயோ இருக்கிற நாடு, நமக்கென்ன?" என்று நினைக்காதீங்க. அங்கே நட்டால் என்றொரு பகுதி. இன்றைக்குக் குவாசூலு-நட்டால் என்று பெயர். நம்ம முன்னோரைக் கோப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் கப்பலேற்றிக் கொண்டுவந்த அதே காலத்தில், சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 நவம்பர் 16ஆம் திகதி டேர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் போனவர்கள் கரும்புத் தோட்டக் கூலிகள். 1911 வரையில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்படி நட்டாலுக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். ஆகவே அந்த மண் நமக்கு முற்றாக அந்நியமான மண் அல்ல. அந்த நட்டாலின் உள்நாட்டில், டுகேலா ஆற்றோரம், சூலு மக்கள் வாழும் ஒரு கிராமப்புறத்தில்தான் நான் சொல்லப்போகும் சம்பவம் நடந்தது.

முதலில் கிருமியைப் பற்றி இரண்டு வார்த்தை.

காசநோய் பரம்பரையாக வருகிற நோய் அல்ல. செய்வினையாலும் வருவதில்லை. நோயாளி குடித்த கோப்பையில் தேத்தண்ணி குடித்தாலும் வராது. அது காற்றில் வருகிற நோய். நெஞ்சில் டி.பி. உள்ளவர் இருமும்போதும் தும்மும்போதும் கண்ணுக்குத் தெரியாத துளிகளில் கிருமி வெளியே வருகிறது. காற்றோட்டம் இல்லாத அறையில் அது மணிக்கணக்காக மிதக்கும். பக்கத்தில் இருப்பவர் அதைச் சுவாசித்தால் அவர் நெஞ்சுக்குள் போகிறது.

போனவுடனே எல்லாருக்கும் நோய் வந்துவிடாது. உடம்பில் உள்ள காவல்காரர்கள் அந்தக் கிருமியைச் சுற்றி வேலியடைத்து வைத்துவிடுவார்கள். அது உள்ளேயே தூங்கும். நல்ல உடம்புள்ள பத்துப் பேருக்குள் கிருமி போனால், வாழ்நாள் முழுவதிலும் ஒருவருக்குத்தான் அது நோயாக வெளிக்கிளம்பும். மற்ற ஒன்பது பேரும் கிருமியோடேயே வாழ்ந்து, வேறு காரணத்தால் கண்மூடுவார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்க. எச்.ஐ.வி. பற்றிப் பேசும்போது இந்தக் கணக்கு மறுபடி வரும்.

ஓர் எழுத்துப் பிழை

மருந்துக்குச் சாகாத கிருமி எங்கிருந்து வருகிறது? யாரும் செய்து அனுப்புவதில்லை. அது எழுத்துப் பிழையில் பிறக்கிறது.

ஒவ்வொரு கிருமிக்குள்ளும் அதன் சாதகம் போல ஒரு நீண்ட எழுத்து வரிசை இருக்கிறது. காசநோய்க் கிருமியில் அது 44 இலட்சம் எழுத்துகள். ஒரு கிருமி இரண்டாகப் பிரிய ஏறத்தாழ ஒரு நாள் எடுக்கிறது. பிரியும்போது அந்த 44 இலட்சம் எழுத்தையும் பார்த்து எழுதி, புதுக் கிருமிக்கு ஒரு பிரதி கொடுக்கவேண்டும். எழுதுகிற கை மிகக் கவனமான கைதான். ஆனாலும் எப்போதாவது ஓர் எழுத்துப் பிழைக்கும்.

எழுத்துப் பிழை என்றால் என்ன ஆகும் என்று நம்ம தோட்டத்து ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. செக்ரோலில் 'முத்தம்மா' என்றும் அடையாள அட்டையில் 'முத்துமா' என்றும் இருந்தால் என்ன நடக்கிறது? சேமலாப நிதி எடுக்கப் போன இடத்தில், "இது நீங்க இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஆள் அதே ஆள்தான். ஓர் எழுத்து மாறியதால் அடையாளம் தப்பிவிடுகிறது.

கிருமிக்கும் மருந்துக்கும் இடையில் நடப்பது இதுவேதான். ரிஃபாம்பிசின் என்ற மருந்து கிருமிக்குள் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் கிருமியின் வேலை நின்று அது சாகும். அந்த இடத்தைச் சொல்லும் எழுத்தில் ஒன்று மாறிவிட்டால் இடத்தின் வடிவம் மாறுகிறது. மருந்து வந்து தேடும்; ஒட்ட இடம் கிடைக்காது. ஐசோனியாசிட் என்ற மருந்து வேறு விதம். அது சும்மா போனால் கிருமியைக் கொல்லாது. கிருமிக்குள்ளேயே இருக்கிற ஒரு பொருள் அதைத் தட்டி எழுப்பினால்தான் நஞ்சாக மாறும். அந்தப் பொருளின் எழுத்தில் பிழை விழுந்தால் மருந்தைத் தட்டி எழுப்ப ஆளில்லை. மருந்து தூங்கிக்கொண்டே வெளியே போய்விடும்.

இதில் ஒரு வித்தியாசமும் உண்டு. வேறு சில கிருமிகள் மருந்தை எதிர்க்கும் வித்தையை ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்கும். காசநோய்க் கிருமி அப்படிக் கடன் வாங்குவதில்லை. அதற்குள்ள ஒரே வழி இந்த எழுத்துப் பிழைதான். பிழை விழுந்த பிறகு, வி.பி. தேயிலைக் கன்று தாய்ச்செடியின் குணத்தை அப்படியே கொண்டு வருவது போல, பிழையான கிருமியின் பிள்ளைகள் எல்லாமே அந்தப் பிழையோடு பிறக்கும்.

நாலு மருந்து எதற்கு?

"ஒரு நோய்க்கு எதுக்கு இத்தனை மாத்திரை?" என்று கேட்பீங்க. அதற்கும் கணக்கு இருக்கிறது.

நோய் முற்றிய ஒருவரின் நெஞ்சில் குழி விழுந்திருக்கும். அந்த ஒரு குழிக்குள்ளேயே பத்துக் கோடி கிருமிகள் வரை இருக்கலாம். ஐசோனியாசிட்டுக்குச் சாகாத பிழைக் கிருமி ஏறத்தாழ பத்து இலட்சத்துக்கு ஒன்று. ரிஃபாம்பிசினுக்குச் சாகாதது ஏறத்தாழ பத்துக் கோடிக்கு ஒன்று. ஒரே மருந்தைக் கொடுத்தால் என்ன நடக்கும்? நல்ல கிருமி எல்லாம் செத்துவிடும். நூறு பிழைக் கிருமி மிஞ்சும். போட்டிக்கு ஆளில்லாத காணியில் களை வளர்வது போல அந்த நூறும் பெருகும். கொஞ்ச நாளில் குழி முழுக்க மருந்துக்குச் சாகாத கிருமிதான்.

இது வெறும் கணக்கு அல்ல, நடந்த கதை. காசநோய்க்கு முதலில் கிடைத்த நல்ல மருந்து ஸ்ட்ரெப்டோமைசின். 1948இல் பிரித்தானிய வைத்தியர்கள் அதைத் தனியாகக் கொடுத்துப் பார்த்த முடிவை வெளியிட்டார்கள். நோயாளிகள் முதலில் எழுந்து உட்கார்ந்தார்கள், உடம்பு தேறியது. சில மாதங்களில் பலருடைய கிருமி அந்த மருந்துக்கு மசியாமல் போய், நோய் திரும்பியது. அதன் பிறகுதான் மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் வழி வந்தது.

இரண்டு மருந்தையும் ஒன்றாகக் கொடுத்தால் கணக்கு எப்படி மாறுகிறது பாருங்க. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் தப்பக்கூடிய கிருமி கோடி கோடியில் ஒன்று. அத்தனை கிருமி எந்த மனிதர் உடம்பிலும் இல்லை. ஆகவே தப்ப ஆளில்லை. அதனால்தான் முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, பிறகு நாலு மாதம் இரண்டு மருந்து, ஆக மொத்தம் ஆறு மாதம்.

ஆனால் ஒன்றரை மாதத்தில் இருமல் நிற்கிறது, பசி எடுக்கிறது, உடம்பு தேறுகிறது. "நல்லாப் போச்சு, இனி எதுக்கு மாத்திரை" என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். சிலர் கிளினிக் போனால் அன்றைய பேர் போய்விடுமே என்று ஒரு மாதம் எடுத்து ஒரு மாதம் விடுகிறார்கள். சில நாடுகளில் மருந்தே தட்டுப்பாடாகி, நாலில் இரண்டுதான் கிடைக்கிறது. இப்படி ஒவ்வொரு தடவையும் பிழைக் கிருமிக்கு ஒரு வாசல் திறந்து விடப்படுகிறது. முதலில் ஒரு மருந்துக்கு மசியாமல் போகும், பிறகு இரண்டுக்கு, பிறகு நாலுக்கு.

எச்.ஐ.வி. என்ன செய்கிறது?

இப்போது எச்.ஐ.வி.க்கு வருவோம். முன்னே சொன்னேன், நல்ல உடம்புள்ள பத்துப் பேரில் ஒருவருக்கு வாழ்நாள் முழுவதிலும் நோய் வரலாம் என்று. எச்.ஐ.வி. உடம்பின் காவல்காரர்களையே தேடிக் கொல்லுகிற கிருமி. காவல் போனால் வேலி விழுந்தது. மருந்து எடுக்காத எச்.ஐ.வி. நோயாளிகள் பத்துப் பேருக்குள் காசநோய்க் கிருமி இருந்தால், ஒரே வருடத்தில் ஒருவருக்கு நோய் கிளம்பும். அடுத்த வருடம் இன்னொருவருக்கு. மற்றவர்களுக்கு வாழ்நாள் முழுக்க உள்ள ஆபத்து இவர்களுக்கு ஒரு வருடத்தில் வந்து சேர்கிறது.

அதோடு நோயைக் கண்டுபிடிப்பதும் கஷ்டம். நெஞ்சில் குழி விழுவதே காவல்காரர்கள் கிருமியோடு போராடுவதால்தான். போராட ஆளில்லாத உடம்பில் பல நேரம் குழி விழாது. சளியில் கிருமி குறைவாக இருக்கும். சளியை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் "ஒன்றுமில்லை" என்று வரும். ஆனால் கிருமி உடம்பெங்கும் பரவியிருக்கும்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லவேண்டும். எழுத்துப் பிழையை உண்டாக்குவது எச்.ஐ.வி. அல்ல. பிழை விழுந்த கிருமி ஊருக்குள் வந்துவிட்டால், ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தடையில்லாமல் ஓடுவதற்குப் பாதை வெட்டிக் கொடுப்பதுதான் எச்.ஐ.வி. இந்த இரண்டும் ஓரிடத்தில் சந்தித்தால் என்ன நடக்கும் என்பதற்குத்தான் டுகேலா ஃபெரி.

டுகேலா ஃபெரியில் நடந்தது

டுகேலா ஃபெரி ஒரு ஏழைக் கிராமப்புறம். ஆண்கள் பலர் ஜோஹனஸ்பேர்க் பக்கம் தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவர்கள். கல் தூசி நிறைந்த சுரங்கம், நெருக்கமாகப் படுக்கிற விடுதி, வருடத்தில் சில தடவை மட்டும் வீடு. அப்படி வாழ்ந்தவர்களோடு டி.பி.யும் எச்.ஐ.வி.யும் ஊருக்குத் திரும்பின. அங்கே உள்ள சேர்ச் ஒஃப் ஸ்கொட்லாந்து வைத்தியசாலையில், எச்.ஐ.வி.க்கு மருந்து எடுத்துத் தேறி வந்தவர்களில் சிலர் திடீரென்று டி.பி.யால் இறக்கத் தொடங்கினார்கள். வைத்தியர்களுக்குச் சந்தேகம் வந்தது. 2005 ஜனவரி முதல் 2006 மார்ச் வரை 1,539 பேரின் சளியை எடுத்து டேர்பனுக்கு அனுப்பி, கிருமியை வளர்த்துச் சோதித்தார்கள்.

அதில் 542 பேருக்கு டி.பி. அவர்களில் 221 பேரின் கிருமி ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்குமே சாகவில்லை. அந்த 221 பேரிலும் 53 பேரின் கிருமி, அடுத்த கட்டமாகக் கொடுக்கிற மாத்திரைக்கும் ஊசிக்கும்கூட மசியவில்லை.

அந்த 53 பேரில் 52 பேர் இறந்தார்கள்.

எச்.ஐ.வி. சோதனை செய்யப்பட்டவர்கள் 44 பேர். 44 பேருக்குமே எச்.ஐ.வி. இருந்தது. சளி கொடுத்த நாளிலிருந்து 16 நாட்களுக்குள் பாதிப்பேர் போய்விட்டார்கள். கிருமியை வளர்த்து மருந்துச் சோதனை செய்ய வாரக்கணக்கில் ஆகும். அறிக்கை டேர்பனில் இருந்து வந்து சேர்ந்தபோது, அது யாருடைய அறிக்கையோ அவர் மண்ணுக்குள் இருந்தார்.

இந்தச் செய்தி 2006இல் உலகம் முழுக்கப் பரவியது. கேட்டவர்கள் முதலில் என்ன நினைத்திருப்பார்கள்? நாமும் அதைத்தான் நினைப்போம். "மாத்திரையை ஒழுங்கா எடுக்காம விட்டிருப்பாங்க, அதான் இப்படி."

அது அப்படி இல்லை. இதுதான் இன்றைய பேச்சில் முக்கியமான இடம், கவனமாகக் கேளுங்க. அந்த நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் அதற்கு முன் டி.பி. மருந்தைத் தொட்டதே கிடையாது. விடுவதற்கு அவர்களிடம் மாத்திரையே இருக்கவில்லை. ஆனால் மூன்றில் இரண்டு பேர் சமீபத்தில் ஏதோ ஒரு காரணத்துக்காக வைத்தியசாலையில் படுத்திருந்தவர்கள். கிருமியின் எழுத்தைப் பார்த்த 46 பேரில் 39 பேருக்கு ஒரே குடும்பத்துக் கிருமி. அர்த்தம் என்ன? யாரோ ஒருவரின் உடம்பில் பிழையான கிருமி, நெரிசலான வார்டில், மூடிய ஜன்னலுக்குள், காற்று வழியாக அடுத்த கட்டிலுக்குப் போயிருக்கிறது. அங்கிருந்து அதற்கடுத்த கட்டிலுக்கு.

பிறகு விஞ்ஞானிகள் அந்தக் கிருமியின் 44 இலட்சம் எழுத்தையும் வாசித்து, பிழைகள் எந்த வரிசையில் விழுந்தன என்று கணக்குப் போட்டார்கள். அந்த முடிவு 2015இல் வெளிவந்தது. முதல் பிழை 1957ஆம் ஆண்டளவில் விழுந்திருக்கிறது. ஐசோனியாசிட் பாவனைக்கு வந்ததே 1952இல்தான். ரிஃபாம்பிசினுக்கான பிழை 1984 அளவில். எல்லாவற்றுக்கும் மசியாத நிலை 1995 அளவில். அதாவது டுகேலா ஃபெரியில் ஆட்கள் சாவதற்கு ஏறத்தாழ 50 வருடத்துக்கு முன்பே அந்தக் கிருமி பாடம் படிக்கத் தொடங்கிவிட்டது. 1980களின் பிற்பகுதியிலும் 90களிலும் எச்.ஐ.வி. அந்த நாட்டில் பரவியபோது, படித்து முடித்த கிருமிக்குப் பாதை தயாராக இருந்தது.

இது ஒரு வைத்தியசாலையின் கதை மட்டுமல்ல. 2011 முதல் 2014 வரை குவாசூலு-நட்டால் மாகாணத்தில் இதே வகை நோய் வந்த 404 பேரை ஆராய்ந்தார்கள். நூற்றுக்கு 77 பேருக்கு எச்.ஐ.வி. நூற்றுக்கு 69 பேர் மருந்துக்கு மசியாத டி.பி.க்கு முன்னொருபோதும் சிகிச்சை எடுத்தவர்களே அல்ல. பிறரிடமிருந்து நேராகத் தொற்றியவர்கள்.

ஆகவே "மாத்திரையை விட்டவன் தலைவிதி" என்று யாரும் சொல்ல முடியாது. ஒருவர் விட்ட மாத்திரைக்கு இன்னொருவர் உயிரைக் கொடுக்கிறார். அப்படியானால் ஒருவரை மாத்திரையை விடாமல் எடுக்க வைப்பதும், இருமுகிறவரைச் சீக்கிரம் சோதிக்க அனுப்புவதும், காற்று வர ஜன்னலைத் திறந்து வைப்பதும் நோயாளியின் தனி வேலை அல்ல. லயத்தில் உள்ள அத்தனை பேரின் வேலை.

இயந்திரமும் ஏமாறும்

இப்போது சளியை ஓர் இயந்திரத்தில் வைத்தால் இரண்டு மணித்தியாலத்தில் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசினுக்கு மசியுமா என்று சொல்லிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் அதை ஏற்றுக்கொண்டது. பெரிய வரப்பிரசாதம்தான். ஆனால் அந்த இயந்திரம் 44 இலட்சம் எழுத்தையும் படிப்பதில்லை. பிழை அதிகமாக விழுகிற ஒரு சிறு பகுதியை மட்டும் படிக்கும்.

தென்னாபிரிக்காவுக்குப் பக்கத்தில் சுவாசிலாந்து என்றொரு சிறிய நாடு. 2018 முதல் எஸ்வாத்தினி என்று பெயர். வளர்ந்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு எச்.ஐ.வி. உள்ள நாடு அது. அங்கே 2009இல் சேர்த்த சளிகளை ஆராய்ந்தபோது, ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்கும் மசியாத கிருமிகளில் ஏறத்தாழ பத்தில் மூன்று, இயந்திரம் படிக்கிற பகுதிக்கு வெளியே பிழை விழுந்தவை. இயந்திரம் பார்த்தால் "மருந்து வேலை செய்யும்" என்று சொல்லும். மருந்து வேலை செய்யாது. நோயாளி மாத்திரையை ஒழுங்காக எடுத்துக்கொண்டே மெலிந்துகொண்டு போவார்.

இதை ஏன் சொல்கிறேன்? ஒழுங்காக மாத்திரை எடுத்தும் இரண்டு மாதத்தில் இருமல் குறையவில்லை, நிறை ஏறவில்லை என்றால், "நீ மாத்திரையை ஒளிச்சு எறிஞ்சிருப்பே" என்று அந்த மனிதரைத் திட்டாதீங்க. கிளினிக்கில் வைத்தியரிடம் சொல்லுங்க. சளியை மறுபடி சோதிக்கவேண்டும்.

நம்பிக்கையான செய்தி

பயங்காட்டிவிட்டுப் போக நான் வரவில்லை. அதே தென்னாபிரிக்காவில் இருந்துதான் நல்ல செய்தியும் வந்தது. மருந்துகளுக்கு மசியாத டி.பி. உள்ள 109 பேருக்கு பெடாகுயிலின், பிரெட்டோமனிட், லினசோலிட் என்ற மூன்று மருந்தை ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். டேர்பன், ஜோஹனஸ்பேர்க், கேப்டவுன் நகர வைத்தியசாலைகளில் இது நடந்தது. அவர்களில் பாதிப்பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. 2020இல் முடிவு வெளியானபோது பத்தில் ஒன்பது பேர் குணமாகியிருந்தார்கள். 53 பேரில் 52 பேர் செத்த அதே நாட்டில் இது நடந்தது என்பதை நினைத்துப் பாருங்க. 2022 முதல் உலக சுகாதார நிறுவனம் இந்த மருந்துகளோடு இன்னொன்றையும் சேர்த்து ஆறு மாதச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கிறது. எச்.ஐ.வி.க்கும் இப்போது தென்னாபிரிக்காவில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மருந்து எடுக்கிறார்கள். அந்த மருந்து எடுத்தால் காவல்காரர்கள் திரும்பி வருவார்கள், டி.பி. கிளம்புவதும் குறையும்.

ஆனால் பெடாகுயிலினுக்கும் மசியாத பிழைக் கிருமிகள் தோன்றத் தொடங்கிவிட்டன. மருந்து எத்தனை புதிதானாலும் எழுத்துப் பிழை நிற்காது. புது மருந்தையும் அரைகுறையாக எடுத்தால் அதுவும் பழைய மருந்தாகிவிடும்.

நாம் செய்யவேண்டியது

நம்ம நாட்டில் எச்.ஐ.வி. மிகக் குறைவு. வளர்ந்தவர்களில் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவு. மருந்துக்கு மசியாத டி.பி.யும் குறைவுதான். இது நமக்குக் கிடைத்த அவகாசம். ஆனால் டி.பி. இருக்கிறது. நெருக்கமும் இருக்கிறது. ஒரு காம்பராவில் ஆறு ஏழு பேர், குளிருக்கும் பனிக்கும் பயந்து அடைத்த ஜன்னல், உள்ளே அடுப்புப் புகை. நம்ம பிள்ளைகள் கொழும்பில் கடை மாடிகளில் பத்துப் பேர் ஓர் அறையில் படுக்கிறார்கள். சுரங்க விடுதிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆகவே ஐந்து காரியம் சொல்கிறேன்.

ஒன்று. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, மெலிவு, சளியில் இரத்தம் இருந்தால், கடையில் இருமல் பாணி வாங்கிக் குடித்துக்கொண்டு இருக்காதீங்க. தோட்ட வைத்தியரிடம் சொல்லி மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போங்க. சோதனையும் மருந்தும் இலவசம்.

இரண்டு. தொடங்கிய மாத்திரையை ஆறு மாதம் முடிகிற வரை நிறுத்தாதீங்க. சிறுநீர் சிவப்பாகப் போகும். அது மருந்தின் நிறம், பயப்படவேண்டாம். கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ உடனே கிளினிக்குக்குப் போங்க. நீங்களாக ஒரு மாத்திரையைக் குறைத்து மற்றதை மட்டும் எடுப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஒற்றை மருந்தின் கதையை முன்பே சொன்னேன்.

மூன்று. காற்று. பெரு நாட்டின் லிமா நகர வைத்தியசாலைகளில் அளந்து பார்த்து 2007இல் எழுதினார்கள். கதவு ஜன்னலைத் திறந்து வைத்த அறையில் மணிக்கு 28 தடவை காற்று மாறியது. இயந்திரம் பூட்டிய அறையில் 12 தடவை. அடைத்த அறையில் இரண்டு தடவைகூட இல்லை. பணச் செலவில்லாத மருந்து இது. பகலில் கதவையும் ஜன்னலையும் திறந்து போடுங்க. நோயாளி முதல் சில வாரங்கள் ஜன்னலோரம் தனியாகப் படுக்கட்டும். பகலில் வெளியே இஸ்தோப்பில் இருக்கட்டும். இருமும்போது துணியால் வாயை மூடட்டும்.

நான்கு. வீட்டில் ஒருவருக்கு டி.பி. என்றால் மற்ற எல்லோரும், முக்கியமாகச் சின்னப் பிள்ளைகள், சோதனைக்குப் போகவேண்டும். தூங்குகிற கிருமி கிளம்பாமல் இருக்க மாத்திரை உண்டு. வைத்தியர் கொடுத்தால் மறுக்காதீங்க. டி.பி. வந்தவருக்கு எச்.ஐ.வி. சோதனையும் செய்யச் சொல்வார்கள். அது யார் நடத்தையையும் சந்தேகப்பட்டு அல்ல. இரண்டும் சேர்ந்திருந்தால் இரண்டுக்கும் மருந்து கொடுத்து உயிரைக் காப்பாற்றலாம் என்பதற்காக.

ஐந்தாவது, இங்கே இருக்கிற கங்காணிமார், தலைவர்மார், மாதர் சங்கத்து அக்காமார் எல்லோருக்கும் சொல்வது. ஒருவர் மாத்திரையை விடுகிறார் என்றால் பெரும்பாலும் சோம்பல் காரணமாக இருக்காது. கிளினிக் போகிற நாள் பேர் விழாது. பஸ் காசு இல்லை. வெறும் வயிற்றில் மாத்திரை குமட்டுகிறது. லயத்துக்குத் தெரிந்தால் மகளுக்குப் பெண் கேட்டு வரமாட்டார்கள் என்று பயம். இந்த நாலு கஷ்டத்தையும் நோயாளி தனியாகத் தீர்க்க முடியாது. கிளினிக் நாளில் அவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு வீடு வேண்டும். துரையிடமும் கணக்கப்பிள்ளையிடமும் அவருக்காகப் பேச ஒரு வாய் வேண்டும். அவரைக் கண்டு கதவைச் சாத்தாத பக்கத்துக் காம்பரா வேண்டும். கதவைச் சாத்தினால் அவர் நோயை மறைப்பார். மறைத்து இருமினால் கிருமி சுவரைப் பார்த்தா நிற்கும்?

ஒழுங்காக மருந்து எடுக்கத் தொடங்கி, அது வேலை செய்தால், சில வாரத்தில் பெரும்பாலானவர்களிடமிருந்து நோய் தொற்றாது. ஆகவே மருந்து எடுக்கிறவரைக் கண்டு பயப்படவேண்டாம். மருந்து எடுக்காமல் ஒளித்து இருமுகிறவரைத்தான் தேடிப் பிடித்து, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகவேண்டும்.

டுகேலா ஃபெரியில் இறந்த பலர் எந்தப் பிழையும் செய்யாதவர்கள். அவர்களுக்கு அடுத்த கட்டிலில் என்ன நடக்கிறது என்று யாரும் நேரத்துக்குப் பார்க்கவில்லை. நாம் அடுத்த காம்பராவைப் பார்ப்போம். இந்த வாரமே, உங்க லயத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர் யார் என்று கேட்டுப் பாருங்க. ஒருவர் இருந்தாலும் சரி, அவரைக் கிளினிக்குக்கு அனுப்பி வைத்துவிட்டு வந்து எனக்குச் சொல்லுங்க.